மான்வீட்டுப் பின்வாசல்

அகப்பைக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டு போகிறார் சந்திரகாந்தி அக்கா. மேற்குச் சுவரில் தொடங்கி, ஓக் மரச் சட்டங்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் நிரப்பிய கட்டங்களை ஒவ்வொன்றாக, சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிறவரைப்போலத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே மண் சட்டத்தை விட்டு விலகியிருந்தால் சத்தம் பொக்கென்று வரும். அந்த இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி. "இதுக்குச் சீவன் போயிட்டுது. பனிக்கு முதல் பூசவேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பிறகு அதே அகப்பையைக் கழுவிக்கொண்டு போய், ரோல்ஸுக்கான உருளைக்கிழங்குக் கறியைக் கிண்டுவார்.

வீட்டுக்கு வயது முந்நூறைத் தாண்டும். வடக்கு ஹெஸ்ஸனில், கஸெல் நகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஓடைக்கரைக் கிராமம் ஒன்றில், தெரு வளைகிற இடத்தில் நிற்கிறது. முன்னொரு காலத்தில் வண்டிக்காரர்கள் தங்கிப்போன விடுதி. வாசலுக்கு மேலே ஓர் இரும்பு மான் இருக்கிறது. அதன் ஒரு கொம்பு எப்போதோ விழுந்துவிட்டது. ஊராருக்கு அது மான்வீடு. அக்காவும் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவும் அதை வாங்கியபோது கூரை நடுவில் குழிந்து, எலிகள் குடும்பத்தோடு குடியிருந்தன. இன்றைக்குப் பிராங்பேர்ட்டில் கலியாணம் என்றாலும் பான் நகரில் பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு என்றாலும், ரோல்ஸும் பற்றீஸும் அந்த வீட்டுச் சமையற்கட்டிலிருந்துதான் பெட்டி பெட்டியாகப் போகின்றன.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆள் கட்டை, குறைந்த உயரத்தையெல்லாம் குரலில் வைத்திருக்கிறார். பஸ்ஸில் தமிழ் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அரசாங்கக் கந்தோரில் உட்காரக் கதிரை காட்டும்வரை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார், காட்டியபின் எழும்பமாட்டார். அவர் பேசும் ஜெர்மனில் இலக்கணம் கொஞ்சம் நொண்டும். இல்லை என்பதற்கான 'நைன்' என்ற சொல் மட்டும் நொண்டியதே இல்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. அவர் பிடித்த முயல்களில் சிலவற்றுக்கு உண்மையிலேயே மூன்று கால்தான் இருந்தது என்பதை நாம் சொல்லியாகவேண்டும்.

அப்படி ஒரு முயல், புகைபோக்கி. மான்வீடு அரசு பாதுகாக்கும் பழங்கட்டடம். அதில் ஓர் ஆணி அடிக்கவும் மாவட்டத்துப் பழங்கட்டடக் கந்தோரின் சம்மதம் வேண்டும். சமையற்கட்டுப் புகை வெளியே போகச் சுவரில் ஒரு துவாரம் கேட்டார் அக்கா. வீட்டின் முகம் கெட்டுவிடும் என்று ஏலாது என்றார்கள். மறுபடி கேட்டார், மறுபடி ஏலாது. கடைசியில் அதிகாரி நேரில் பார்க்க வந்த அன்று, அக்கா ஒரு தாச்சி நிறையச் செத்தல் மிளகாயைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி இருமியபடி முற்றத்துக்கு ஓடினார். அக்கா ஒரு தம்ளர் தண்ணீரோடு பின்னால் போய், "இப்ப வீட்டின் முகத்தைப் பாருங்கள், பிறகு உங்கள் முகத்தைப் பாருங்கள்" என்றார். துவாரம் கிடைத்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா வேறு மாதிரி மனிதர். பெயர் அழைப்புமணிப் பலகையில் அடங்காததால் ஊரில் அவர் 'ஹெர் ஸ்ரீ'. காகித ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்துக் கனகாலமாகியும், பொலிஸ் வண்டி தெருவால் போனால் இருந்த இடத்தில் எழும்பி நின்றுவிடுவார். "ஏனப்பா நிக்கிறியள்? அவங்கள் உங்களைத் தேடி வரேல்லை" என்பார் அக்கா. "தெரியும். காலுக்குத்தான் தெரியாது" என்பார் அவர்.

இந்த இருவருக்கும் நடுவில்தான் ஒரு சரித்திரப் பலகை வந்து சேர்ந்தது.

மாவட்டம் தன் பழைய வீடுகளுக்கெல்லாம் பலகை வைக்கத் தொடங்கியிருந்தது. எந்த வீடு எப்போது கட்டப்பட்டது, யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நாலு வரி. இந்தக் கிராமத்துக்கு எழுதிக் கொடுத்தவர் ஹெர் ஃபோக்ட். கஸெலில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்று, இருபது வருடத்துக்கு முன் இங்கே வந்து குடியேறிய நல்ல மனிதர். அக்காவின் வடைக்கு ஞாயிறு தவறாமல் வருவார். பாலத்தடி வீட்டுக்கு அவர் எழுதிய பலகை, பிரான்ஸிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் முதலில் அங்கே தங்கியதைச் சொல்கிறது. வேதக் கோயிலடி வீட்டுப் பலகை, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பொஹீமியாவிலிருந்து மூட்டையோடு வந்தவர்களைச் சொல்கிறது. இரண்டையும் நின்று வாசித்த அக்காவுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஓடி வந்தவர்களை மதிக்கத் தெரிந்த ஊர் என்று நினைத்தார்.

மான்வீட்டுக்கு எழுதியதை ஃபோக்ட் கொண்டுவந்து காட்டினார். விடுதி கட்டிய கதை, வண்டிக்காரர் கதை, கடைசி விடுதிக்காரர் கடையைப் பூட்டிய கதை. அடுத்த வரி: அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வாங்கும்வரை வீடு 'லேர்'. அதாவது வெறுமை. ஆளில்லை.

அக்கா அந்த வரியை இரண்டாம் முறை வாசித்தார். கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை தாண்டி மேற்கே வந்து அகதி என்று பதிந்தவர்களை, ஜெர்மனி ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய காலம் அது. இருபத்திமூன்று வயதுச் சந்திரகாந்திக்குக் கிடைத்தது இந்த மான்வீடு. பூட்டிக் கிடந்த விடுதியை மாவட்டம் வாடகைக்கு எடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாக நாற்பது தமிழரை அடைத்திருந்தது. வேலைக்குப் போகத் தடை, மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை. ஸ்ரீஸ்கந்தராஜாவை அவர் கண்டது மாடிப்படியில், கட்டியது கூடத்தில். பதினொரு வருடம் அந்த வீட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள், சண்டை நடந்தது, ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் எல்லா அறையும் சேர்ந்து அழுதது. அதற்குப் பெயர் வெறுமை.

"நாங்கள் இருந்தோம்" என்றார் அக்கா ஃபோக்டிடம்.

"நான் தேடினேன், ஃப்ராவ் ஸ்ரீ" என்றார் அவர் வருத்தத்தோடு. "அந்தக் காலத்துக் கோப்புகளைக் கெடு முடிந்து அழித்துவிட்டார்கள். ஊரில் பழைய ஆட்களைக் கேட்டால் ஆளில்லை என்கிறார்கள். சுவரெல்லாம் சுரண்டிப் பார்த்தோம், ஓர் ஆணித்துளைகூட இல்லை."

ஆணித்துளை எப்படி இருக்கும்? அதை அடைத்ததே அக்காதான். மாவட்டம் விடுதியை மூடி எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, "தமிழர் இருந்த வீடு ஊத்தை எண்டு ஒருத்தன் சொல்லக்கூடாது" என்று நாற்பது பேரையும் வேலை வாங்கியவர் அவர். சலவைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றித் தரையைத் தேய்த்தார்கள். சாம்பிராணி படிந்த விட்டத்தைத் துடைத்தார்கள். சாமிப்படம் மாட்டிய துளைகளைப் பற்பசை வைத்து அடைத்தார்கள். கடைசியில் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்து, திறப்புக் கொத்தைக் கொடுத்தார்கள். வாங்கிய அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருமே இருக்காத மாதிரி இருக்கிறது" என்று பாராட்டினார். அன்றைக்கு அக்காவுக்கு அது பெருமையாக இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

ஆனால் ஒன்றைத் தேய்த்து அழிக்க முடியவில்லை. ஃபோக்ட் அதைப் பற்றித்தான் பலகையின் பாதியை எழுதியிருந்தார்.

சமையற்கட்டின் பின்வாசலில் சிவப்பு மணற்கல் படி ஒன்று இருக்கிறது. அதன் நடுவே கையகலத்துக்கு வழவழப்பான ஒரு குழி. பழைய தேவாலயக் கற்களில் இத்தகைய குழிகள் உண்டு. அந்தக் காலத்து மக்கள் புனிதக் கல்லைச் சுரண்டி, அந்தத் தூளை மருந்தாகத் தின்றதால் வந்தவை என்று நம்புகிறவர்கள் உண்டு. மான்வீட்டுக் குழியும் அப்படி ஒன்றாக இருக்கலாம் என்றார் ஃபோக்ட். இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். குனிந்து, விரல் வைத்துத் தடவி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தக் குழி சம்பல் அரைத்த குழி.

தேங்காயும் மிளகாயும் அரைக்க விடுதியில் கிரைண்டர் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். உள்ளே இடித்தால் பழைய தரை அதிர்ந்து காவலாளி ஏசுவார். ஓடையிலிருந்து உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வந்து, பின்வாசல் படியை அம்மியாக்கியவர் சந்திரகாந்தி. அவரைப் பார்த்து எல்லாப் பெண்களும் முறை போட்டு அரைத்தார்கள். பனி கொட்டும்போதும் ஒருத்தி குடை பிடிக்க, ஒருத்தி அரைப்பாள். மணற்கல் அல்லவா, அரைக்க அரைக்க உதிரும். "முதல் ரெண்டு வருசமும் சம்பல் நறநறவெண்டு கடிச்சுது. தூள் மருந்து எண்டு ஃபோக்ட் சொன்னது முழுப்பிழை இல்லை. அந்தக் கல்லைத் திண்டது உண்மை. பாதிக்கல்லு எங்கடை வயித்துக்கைதான் கிடக்கு" என்று அக்கா கணவரிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார். இத்தனை வருடமும் வெளியே சொல்லாமல் வீட்டுக்குள் வைத்துச் சிரித்த சிரிப்பு அது. பலகையைப் படித்த அன்று நின்றுபோனது.

"நான் சொல்லப் போறன்" என்றார் கணவரிடம்.

ஸ்ரீஸ்கந்தராஜா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இஞ்சேரும், உமக்கென்ன விசரே? பாதுகாக்கப்பட்ட கல்லை நாங்கள்தான் பழுதாக்கினது எண்டு எங்கடை வாயாலை சொல்லுறதோ? தண்டம் அடிப்பாங்கள். பேப்பரிலை போடுவாங்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"தண்டம் அடிச்சால் அடிக்கட்டும். ஆளில்லாத வீட்டுக்கு ஆருக்குத் தண்டம் அடிப்பாங்கள்? எங்கடை பேரைப் போட்டுத்தானே அடிக்கவேணும்?"

அவர் எழும்பிப் போய்த் தெருப்பக்கத் திரைச்சீலையை இழுத்து மூடினார். பயம் போகவில்லை.

பிராங்பேர்ட்டில் இருக்கும் பாமாவுக்கும் அக்கா தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். பாமா அந்தக் காலத்தில் மான்வீட்டு இரண்டாம் மாடியில் இருந்தவர், அரைக்கும்போது அக்காவுக்குக் குடை பிடித்தவர். இப்போது சொந்த வீடு, பிள்ளைகள் வங்கியில் வேலை. "ஏனக்கா அதைக் கிண்டுறியள்?" என்றார் பாமா. "நாங்கள் அகதி முகாமிலை ஒரு படியிலை குந்தியிருந்து அரைச்சனாங்கள் எண்டு நான் என்ரை பிள்ளையளுக்கே சொல்லேல்லை."

"அப்ப நீயும் லேர் எண்டுதான் எழுதி வைச்சிருக்கிறாய்" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார். வைத்தபின் அரை மணித்தியாலம் சமையற்கட்டு மர வாங்கில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. தனியாகத்தான் செய்யவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் ஃபோக்டிடம் போய், அந்த வரியை மாற்ற முடியுமா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டார். "பலகை அச்சாகிவிட்டதே. ஆதாரம் ஏதும் கிடைத்தால் பிறகு பார்க்கலாம்" என்றார் ஃபோக்ட். "அவையள் ஓடி வந்தால் சரித்திரம், நாங்கள் ஓடி வந்தால் வெறுமையோ?" என்று அக்காவுக்கு வாய்வரை வந்தது, தமிழில். விழுங்கிக்கொண்டார். "சரி, பலகையைக் கொண்டு வாருங்கள். வீடுகளைத் திறந்து காட்டுகிற நாளில் பின்முற்றத்தில் வையுங்கள், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்" என்றார். ஃபோக்டுக்கு மகிழ்ச்சி. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அதைவிட மகிழ்ச்சி. மனுசி ஒருமாதிரி அடங்கிவிட்டாள் என்று நினைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர் அப்படி நினைத்தது ஆச்சரியம்தான்.

செப்டம்பர் ஞாயிறு ஒன்றில் நாடு முழுவதும் பழங்கட்டடங்களைத் திறந்து காட்டுவார்கள். அன்று காலை அக்கா வழக்கம்போல அகப்பையால் சுவர் தட்டினார், கரிப்புள்ளி வைத்தார், குளித்து நீலப் பருத்திச் சேலை கட்டினார். மத்தியானத்துக்கு முன்பே பின்முற்றம் நிறைந்துவிட்டது. பாலத்தடியார், கோயிலடியார், கஸெலிலிருந்து வந்தவர்கள், புகைபோக்கி அதிகாரியும்கூட. படிக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் பலகை நின்றது. ஃபோக்ட் துணியை விலக்கினார், கைதட்டினார்கள். அவர் வரி வரியாக விளக்கிக்கொண்டு வந்து, வெறுமை என்ற வரியைத் தாண்டி, குழிக்கு வந்து சேர்ந்தார். எல்லாரும் குனிந்தார்கள்.

பின்கதவு திறந்தது. அக்கா ஒரு தட்டத்தோடு வந்தார். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், துருவிய தேங்காய்ப்பூ. தட்டத்தின் நடுவில், கறுத்துப் பளபளத்த ஓர் உருண்டைக் கல். அத்தனை வருடமும் அலுமாரிக்கு அடியில் சீலைத்துண்டில் சுற்றிக் கிடந்த கல். குனிந்திருந்தவர்கள் வழி விட்டார்கள். யன்னலுக்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் தெரிந்தது, பிறகு திரைச்சீலை மூடிக்கொண்டது.

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு படியோடு உட்கார்ந்தார். குழியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மிளகாயைப் போட்டு, கல்லை அதில் வைத்தார். கல் குழியில் போய் இருந்த விதத்தைப் பார்த்த ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அரைக்கத் தொடங்கினார். முதலில் தோள் பிடித்தது, பிறகு கைக்குப் பழைய ஓட்டம் வந்துவிட்டது. மிளகாய் நெடி ஏறி முன்வரிசை தும்மியது. ஆனால் ஒருவரும் நகரவில்லை.

ஃபோக்ட் முழங்காலிட்டுக் குழியை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது, நெடியாலும் இருக்கலாம். "எத்தனை பேர்?" என்று மெல்லக் கேட்டார்.

"நாற்பது பேர். பதினொரு வருடம்" என்றார் அக்கா, கை நிற்காமல். "இந்தக் கல்லைக் கெடுத்தது நான். சந்திரகாந்தி ஸ்ரீஸ்கந்தராஜா. தண்டம் எழுதுவதென்றால் முழுப்பெயரையும் எழுதுங்கள்."

புகைபோக்கி அதிகாரி நிலத்தைப் பார்த்தார். கோயிலடிக் கிழவர் ஒருவர், ஆளில்லை என்று சாட்சி சொன்னவர்களில் ஒருவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த நாட்களில் யன்னலைச் சாத்திவிடுவோம், இந்த மணம்தான்" என்றார்.

அக்கா எழும்பினார். வலதுகைச் சுட்டுவிரல் நகக்கண் வரை சிவந்திருந்தது. பலகைக்கு முன்னால் போய் நின்று, அந்த வரியைத் தேடி, 'லேர்' என்ற சொல்லின் மேல் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தார். மிளகாய்ச் சாறு கொஞ்சம் வழிந்து அடுத்த வரிக்கும் போனது.

பிறகு அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ" என்று யன்னலைப் பார்த்து, ஊருக்கெல்லாம் கேட்கக் கூப்பிட்டார். "உப்பு!"

திரைச்சீலை அசைந்தது. பிறகு பின்கதவு திறந்து, அவ்வளவு சனத்துக்கும் நடுவில், உப்புப் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராஜா படியில் இறங்கி வந்தார்.